பிளசர் வீடு எது?

வெளிநாடு போக விமானம் ஏறவேண்டும் என்று நினைப்பவர்கள் விருதுநகரில் இறங்கி அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஒருமுறை உட்கார்ந்து பார்க்கவேண்டும். பாஷை தமிழ்தான். ஆனால் அந்தத் தமிழில் ஒரே ஒரு சொல் எங்களுக்குப் புரியாமல் போனதால்தான் நான் அந்தத் தேசத்துக்கே போக நேர்ந்தது. அந்தச் சொல் ‘பிளசர்’.

மெட்ராஸில் நாங்கள் சிலர் சேர்ந்து பழைய அமெரிக்கக் கார் ரசிகர் வட்டம் ஒன்று நடத்திக்கொண்டிருந்தோம். தொண்ணூறுகள் அப்போதுதான் தொடங்கியிருந்தன. ஊரே சோப்பு டப்பா மாதிரியான புதுச் சின்னக் கார்களுக்கு வரிசையில் நிற்க, நாங்கள் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடி, கப்பல் மாதிரியான பழைய கார்களுக்காகப் பெருமூச்சு விடுவோம். தலைவர் ஒரு வக்கீல். அவரிடம் ஒரு செவர்லே இருந்தது. ஷெட்டிலிருந்து வாசல்வரை தானாக வரும். திரும்பப் போகும்போது தள்ளவேண்டும். மற்றவர்களுடையதும் அந்த ரகம்தான். ஆனால் நினைவுகளுக்குப் பெட்ரோல் தேவையில்லையே. வட்டத்தின் ஒவ்வொரு காரும் ஒரு காலத்தில் ஏதாவதொரு மகாராஜாவிடம் இருந்தது. அத்தனையும் உண்மையென்றால், மகாராஜாக்கள் கார் விற்பதைத் தவிர வேறு ராஜ்யபாரம் எதுவும் செய்ததாகத் தெரியவில்லை.

கார் இல்லாத ஒரே உறுப்பினர் நான். என்னிடம் பஸ் பாஸ் இருந்தது. என்ஜினியரிங் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த காலம். நூலகத்தில் கிடந்த அமெரிக்கப் பத்திரிகைகளை எல்லாம் மேய்ந்து, தொட்டே பார்த்திராத கார்களின் வால்வு இடைவெளிகளை மனப்பாடமாகச் சொல்வேன். அதனால் என்னை வைத்திருந்தார்கள்.

வழக்கு விஷயமாக வக்கீலைப் பார்க்க வந்த அருப்புக்கோட்டை நூல் வியாபாரி ஒருவர், வாசலில் நின்ற செவர்லேயைப் பார்த்துவிட்டு, “எங்க ஊருப் பக்கமும், பரளச்சிக்கு அங்கிட்டு, இதே கணக்கா ஒரு அமெரிக்கா பிளசரு இருக்குங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வட்டம் கூடியது. பிளசர் என்றால் என்ன கார்? ஒருவர் அது பிளைமவுத்தின் மரூஉ என்றார். வாக்கெடுப்பில் அப்படியே முடிவாயிற்று. அடுத்த கூட்டத்தில் அதற்கு நிறம் கிடைத்தது. அதற்கடுத்த கூட்டத்தில் ஒரு மகாராஜாவும் கிடைத்தார்.

“நீ போய் வண்டியைக் கொண்டுவந்துவிடு. கடற்கரைச் சாலை அணிவகுப்பில் நீயே ஓட்டு” என்றார் வக்கீல். அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் சைபீரியாவுக்கே போயிருப்பேன். அருப்புக்கோட்டை அதைவிடப் பக்கம்.

முதல் நாள், பஸ்ஸில் என் மடியில் பாதியும் தன் மடியில் பாதியுமாக மிளகாய் வற்றல் சாக்கு வைத்திருந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பாலவனத்தம் வருவதற்குள் தும்மித் தும்மி எனக்குக் கண் தெரியவில்லை. மெட்ராஸ் பஸ்ஸாக இருந்தால் இதற்குள் ஒரு சண்டை மூண்டு, கண்டக்டர் தீர்ப்புச் சொல்லி, இரண்டு கட்சியாகப் பஸ் பிரிந்திருக்கும். இவர் என்னை அனுதாபத்தோடு பார்த்து, “பழகிரும்” என்றார். அந்தச் சீமையில் எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து என்று பிறகு தெரிந்தது.

அருப்புக்கோட்டையில் இறங்கியதும் எண்ணெயில் மிதந்து பொரிந்த பரோட்டாவைச் சால்னாவில் பிய்த்துப் போட்டுச் சாப்பிட்டேன். மெட்ராஸ் பரோட்டா வாயோடு மல்லுக்கட்டும். இது நாக்கில் பட்டதும் நொறுங்கியது. அந்தத் தெம்பில் கடைக்காரரிடம், “அண்ணாச்சி, இங்கே பிளசர் எங்கே இருக்கு?” என்று கேட்டேன். அவர் சட்டுவத்தாலேயே எதிர்ப்பக்கம் காட்டினார். அங்கே வேப்பமரத்தடியில் அம்பாசடர் டாக்ஸிகள் வரிசையாக நின்றன.

எங்கள் வட்டத்தின் வாக்கெடுப்பு அந்த இடத்தில் மண்ணைக் கவ்வியது. லாரியும் பஸ்ஸும் அல்லாத எந்த நாலு சக்கர வண்டியும் அங்கே பிளசர்தான். வெள்ளைக்காரன் காலத்தில் சுமைக்கு அல்லாமல் சுகத்துக்கு ஓடும் கார் என்ற பொருளில் வந்த இங்கிலீஷ் சொல். வெள்ளைக்காரன் போய்விட்டான். சுகம் எப்போதோ போய்விட்டது. சொல் மட்டும் நிற்கிறது.

“பழைய பிளசர்” என்று திருத்திக் கேட்டேன். இன்னும் மோசமாயிற்று. ஒரு டிரைவர் எல்லாம் புரிந்தவராக என்னை ஏற்றிக்கொண்டு பரளச்சிக்குப் பதில் பந்தல்குடியில், தூத்துக்குடி ரோட்டோரம், ஒரு லாரி புரோக்கர் வீட்டுக் கொல்லையில் கொண்டுபோய் விட்டார். செங்கல் அடுக்கின்மேல் ஒரு இங்கிலீஷ் குட்டிக்கார். அமெரிக்கா அந்தக் காரின் கனவில்கூட வந்திருக்காது. புரோக்கருக்கு என்னை விட மனமில்லை. அந்தக் காரில் தான் கொடைக்கானல் ஏறிய கதையைச் சொன்னார். அவர் மனைவி உள்ளேயிருந்து, “கொடைக்கானலுக்கு நம்ம பஸ்ஸுலதான போனோம்” என்றார். புரோக்கர் காதில் வாங்காமல் இரண்டாம் கொண்டை ஊசி வளைவுக்குப் போய்விட்டார். காரின் பின்சீட்டில் கோழிகள் அடைகாத்தன. எனக்கு ஆம்லெட் போட்டுக் கொடுத்தார்கள். அந்தக் காரில் உருப்படியாக வேலை செய்த ஒரே பாகத்தை நான் தின்றுவிட்டு வந்தேன். ஆனால் ஒன்று: அந்தப் புரோக்கர் மெட்ராஸில் இருந்திருந்தால் எங்கள் வட்டத்துக்கு உபதலைவர் ஆகியிருப்பார்.

இரண்டாம் நாள் பரளச்சி பஸ். இரண்டு பக்கமும் கரிசல், வேலிக்கருவேல், மறுபடி கரிசல். அங்கங்கே கரிமூட்டம் புகைந்துகொண்டிருந்தது. பரளச்சிக்கு அப்பால், பஸ் நிற்காமல் வேகத்தை மட்டும் குறைக்கும் ஒரு ஊரில் குதித்தேன். தை மாதம் என்பதால் மண்ணில் ஈரம் இருந்தது, விழுந்தபோது வலிக்கவில்லை. டீக்கடையில் எச்சரிக்கையாக, “அமெரிக்கா கார்” என்று ஆரம்பித்தேன். கடைக்காரர், “பிளசர் வீடா? மேலத்தெரு கடைசி” என்றார்.

பிளசர் வீட்டுக்காரர் பெயர் ரெங்கசாமி. ஊருக்குப் பெரியவர். ஓட்டுக் கொட்டகையில் ஓலைப்பாயை விலக்கிக் காட்டினார். ஐம்பதுகளின் டாட்ஜ். கரும்பச்சை. யானை படுத்தமாதிரி முன்புறம், குரோமியப் பல்வரிசை, கண்ணாடி கூட உடையவில்லை. எங்கள் வட்டத்தில் இருந்த எந்தக் காரும் இதன் பக்கத்தில் நிற்க லாயக்கில்லை. டாட்ஜ் என்றால் மூக்கின் உச்சியில் பாய்கிற செம்மறிக் கிடாப் பொம்மை ஒன்று இருக்கவேண்டும். அந்த இடத்தில் இரண்டு ஓட்டை மட்டும் இருந்தது. அதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று பானெட்டைத் திறந்தேன்.

உள்ளே மூன்று மூட்டைப் பருத்தி விதை இருந்தது.

“என்ஜின் எங்கேங்க ஐயா?”

“அதக் கேக்கீகளா? அது அங்கிட்டு எங்கயோ கெடக்கும்” என்றார், தொலைந்துபோன செருப்பைப் பற்றிச் சொல்வதுபோல. “பிளசருக்கு அழகு பாடிதான தம்பி. இந்த ஊருல எந்தப் பொண்ணு கல்யாணம் பண்ணி வந்தாலும் இதுலதான் வரும்.”

என்ஜின் இல்லாமல் எப்படி என்று கேட்டேன். மாடு பூட்டி என்றார். முன் பம்பரில் ஏர்க்காலைக் கட்டி, ஒரு ஜோடி காளையைப் பூட்டுவார்களாம். அவர் முன்சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங் பிடிப்பார். கியரும் மாற்றுவாராம். எதற்கு என்றேன். “மேடு வந்தா மாத்தணும்ல” என்றார். இதைக் கிண்டல் செய்ய எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன். எங்கள் வட்டத்தில் ஒருவர் ஷெட்டில் நிற்கும் காரில் தினமும் சாயங்காலம் ஏறி உட்கார்ந்து இண்டிகேட்டர் போடுவார்.

மத்தியானம் கம்பஞ்சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டார்கள். சாப்பிட்டு முடித்து, டீக்கடைக்கு வந்தபிறகுதான் முழு விவரமும் கிடைத்தது. அப்பா வாங்கிய கார். அப்பா போனபின் அண்ணன் ரெங்கசாமிக்கும் தம்பி அழகர்சாமிக்கும் பாகப்பிரிவினை. நிலம், மாடு, பாத்திரம் எல்லாம் பிரித்தாயிற்று. கார் ஒன்றுதான். இருவருமே விட்டுக்கொடுக்கவில்லை. ஊர்ப் பஞ்சாயத்தார் உட்கார்ந்து, பாடி பெரியவருக்கு, என்ஜின் சின்னவருக்கு என்று தீர்த்துவிட்டார்கள். பானெட்டுக்குத் தகராறு வந்தது: அது என்ஜினை மூடுகிற சாமானா, பாடியில் சேர்ந்ததா? மூடி பெரியவருக்கு, மூடிமேல் இருக்கிற கிடா சின்னவருக்கு என்று அதையும் முடித்தார்கள். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை.

மெட்ராஸ் உயர்நீதிமன்றத்துக்கு இதே வழக்கு போயிருந்தால் காரும் வாதிகளும் துருப்பிடித்திருப்பார்கள். இங்கே ஒரு மத்தியானத்தில் முடித்திருக்கிறார்கள் என்று எனக்கு முதலில் மரியாதைதான் வந்தது.

என்ஜின் ஊருக்குக் கிழக்கே, அழகர்சாமியின் கிணற்று மேட்டில் இருந்தது. பம்புசெட்டு அறை வாசல் நிலைக்கு மேலே குரோமியக் கிடா, மஞ்சளும் குங்குமமும் பூசிக்கொண்டு பாய்ந்துகொண்டிருந்தது. உள்ளே ஆறு சிலிண்டர் என்ஜின், கருங்கல் மேடையில் நாலு போல்ட்டில் நின்று, மண்ணெண்ணெய் குடித்துக்கொண்டு, நீளமான பெல்ட்டில் பம்பைச் சுற்றிக்கொண்டிருந்தது. தண்ணீர் வாய்க்காலில் ஓடி மிளகாய்க்குப் போயிற்று. டெட்ராய்டில் செய்த என்ஜின் பரளச்சிப் பக்கம் மிளகாய் விளைவிப்பதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. சின்னவர் சிரிக்கவில்லை.

“யாரு சொன்னா உங்களுக்கு, அது பிளசர் வீடுன்னு?” என்றார் எடுத்தவுடன். “ஓடுறதுதான தம்பி பிளசரு? அவுகட்ட இருக்கது தகரக் கூடு.”

மெதுவாக மற்றதும் வந்தது. ஊரில் அண்ணன் வீடு பிளசர் வீடு. தம்பி வீடு பம்புசெட்டு வீடு. அது வெறும் பெயர் விஷயம் இல்லை. சின்னவருக்கு ஒரே மகள், வசந்தா. அவளைப் பெண் பார்க்க வெளியூரிலிருந்து போன வருஷம் ஒரு கூட்டம் வந்தது. தரகர் அவர்களிடம் பிளசர் வைத்திருந்த குடும்பம் என்று சொல்லியிருந்தார். பஸ் விட்டு இறங்கியவர்கள் டீக்கடையில், பிளசர் வீடு எது என்று கேட்டார்கள். மேலத்தெருவைக் காட்டிவிட்டார்கள். அங்கே பெரியவர் காரைக் காட்டி, பட்சணம் கொடுத்து, தன் மச்சினன் மகளையும் காட்டிவிட்டார். கல்யாணமும் அங்கேயே முடிந்தது. மாடு பூட்டிய டாட்ஜ், சின்னவர் வாசல் வழியாகவே ஊர்வலம் போயிற்று.

“வர்ற வெள்ளிக்கிழமை திருச்சுழிப் பக்கத்துலருந்து வாராக” என்றார் சின்னவர். “இந்த வாட்டியும் அங்கிட்டுப் போயிட்டாகன்னா எம் மக பம்புசெட்டு வீட்டுலயே கெடக்க வேண்டியதுதான். அன்னைக்கு ஒரு நா எம் வாசல்ல அந்த வண்டி, எம் என்ஜின் போட்டு, உறுமிக்கிட்டு நிக்கணும். அப்பறம் நீங்க ரெண்டையும் மெட்ராஸுக்குக் கொண்டுபோங்க. எனக்கு வேண்டாம்.”

வசந்தா பம்புக்குப் பக்கத்தில் மண்வெட்டியோடு நின்றிருந்தாள். ப்ளஸ் டூ முடித்தவள். “வண்டியத்தான பாக்க வாராக? அப்ப என்னைய எதுக்குப் பட்டுச்சேல கட்டிக்கிட்டு நிக்கச் சொல்றீக?” என்றாள். அப்பா குனிந்து பெல்ட்டைப் பார்த்தார். நான் வாய்க்காலைப் பார்த்தேன். எனக்கு வேண்டியதும் வண்டிதானே.

பரளச்சி வந்து வக்கீலுக்கு போன் போட்டேன். என்ஜின் ஒரு இடம், பாடி ஒரு இடம் என்றதும் அவர் கலங்கவில்லை. மாடு என்றதும் கலங்கினார். அந்த மாடு போட்டோவில் வராமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். “ஒரிஜினல் என்ஜின் இல்லாமல் வாங்கினால் நான் வட்டத்தில் தலைகாட்ட முடியாதப்பா. ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு முடி” என்றார். அவர் செவர்லே ஓடுகிறதா என்று யாரும் பார்த்ததில்லை. அது வேறு விஷயம்.

மூன்றாம் நாள் முழுக்க நான் மேலத்தெருவுக்கும் கிணற்றுக்குமாக நடந்தேன். இருவருக்கும் விற்கச் சம்மதம். விலையிலும் வம்பில்லை. வம்பெல்லாம் அந்த ஒரு சொல்லில். பெரியவரிடம் என்ஜினைப் பிளசர் என்று சொல்லக்கூடாது, அது ‘சாமான்’. சின்னவரிடம் பாடியைப் பிளசர் என்று சொல்லக்கூடாது, அது ‘கூடு’. தமிழில் ஐந்து வருஷம் பரீட்சை எழுதியபோதுகூட நான் ஒரு பெயர்ச்சொல்லுக்கு இவ்வளவு பயந்ததில்லை. பெரியவரிடம், “உங்க பிளசரில் அந்தச் சாமானைப் போட்டு ஓட்டிக் காட்டினால் ஊர் வாயை அடைக்கலாம்” என்றேன். வருஷக்கணக்காக, நினைத்தால் நாளைக்கே ஓட்டுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், தலையாட்டினார். ஒரு நிபந்தனை: ஓடும்போது பின்சீட்டில் அவர் இருப்பார். சின்னவரிடம், “உங்க பிளசர் அந்தக் கூட்டைத் தூக்கிக்கொண்டு உங்க வாசலுக்கு வரும்” என்றேன். அவரும் தலையாட்டினார். இரண்டும் ஒரே வேலைதான் என்பது இருவருக்கும் தெரியும். சொல்லித்தொலைக்காமல் இருந்தது அவர்களுடைய நாகரிகம்.

நாலாம் நாள் அருப்புக்கோட்டை லாரிப் பட்டறையிலிருந்து ஒரு மெக்கானிக்கை அழைத்துவந்தேன். கருங்கல் மேடையிலிருந்து என்ஜினைக் கழற்றி, மாட்டுவண்டியில் ஏற்றி ஊருக்குள் கொண்டுவந்தபோது தெருவெல்லாம் வாசலில். ஆளுக்கொரு நினைவு. இந்த வண்டியில் தான் மதுரைக்குப் போனதாக ஒருவர். தான் பிறந்ததே இதன் பின்சீட்டில் என்று இன்னொருவர். அவருக்குக் காரைவிட வயது அதிகம் இருக்கும். நான் திருத்தவில்லை. சொந்தக்காரர்கள் இருவர், நினைவுக்காரர்கள் ஊர் முழுக்க. பருத்தி விதை வெளியே வந்தது, என்ஜின் உள்ளே போயிற்று. சின்னவர் கிடாவைத் தன் கையாலேயே பானெட்டில் திருகினார். பெரியவர் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு, கையை மட்டும் நீட்டி, ஸ்பானரை எடுத்துக் கொடுத்தார். ஆனால் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை. பெரியவர் வெள்ளை வேட்டியில் பின்சீட்டில் ஏறினார். நான் ஸ்டியரிங்கில். என் வாழ்க்கையின் அந்தக் கணத்துக்காக எத்தனை பத்திரிகைகள் படித்திருந்தேன். பெட்ரோலில் கிளப்பி, மண்ணெண்ணெய்க்கு மாற்றியதும் வெள்ளைப்புகை மேலத்தெருவையே மூடியது. புகைக்குள்ளிருந்து டாட்ஜ், கல்யாண மாடு வேகத்தில் கிளம்பியது. பிரேக் இல்லை. அது எனக்குப் பிள்ளையார் கோவில் பக்கத்தில்தான் தெரிந்தது. சின்னவர் வாசல் வந்தபோது கியரை இறக்கி, வைக்கோல் போரில் மூக்கை இடித்து நிறுத்தினேன். என்ஜின் மட்டும் உறுமிக்கொண்டே இருந்தது. சின்னவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே. அவர் கேட்டது அப்படியே கிடைத்துவிட்டது.

திருச்சுழிப் பக்கத்துக்காரர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா, அம்மா, ஒரு மாமா. டீக்கடையில் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. புகையைப் பார்த்து வந்துவிட்டார்கள். சின்னவர் காரைக் காட்டி, அப்பா வாங்கியதிலிருந்து ஆரம்பித்தார். மாப்பிள்ளையின் அப்பா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கிடாவை ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு சொன்னார்:

“பிளசரு நல்லாத்தான் இருக்கு. கெணறு எங்க இருக்கு?”

சின்னவருக்குக் காதில் விழாதது போல் இருந்தது. மாப்பிள்ளையின் அப்பா மறுபடி சொன்னார். “பிளசரு இருக்க வீட்டுல நாளைக்கு எங்ககிட்டயும் பிளசரு கேப்பாக. எங்களுக்குத் தண்ணி எறைக்கிற வீடாங்கிறதுதான் வேணும். தரகரு கெழக்க நல்ல கெணறுன்னாரு. ஓட்டிக் காட்டுங்க, பாப்போம்.”

பின்சீட்டை விடாத பெரியவரைத் தவிர எல்லோரும் கிழக்கே நடந்தார்கள். மிளகாய் இரண்டு நாளாகத் தண்ணீர் காணாமல் இலை தொங்கி நின்றது. கிணறு நிறையத் தண்ணீர். பம்பு இருக்கிறது. பம்புசெட்டு அறையில் கருங்கல் மேடையும் நாலு ஓட்டையும். நிலைக்கு மேலே கிடாவும் இல்லை. வந்த மாமா எட்டிப் பார்த்துவிட்டு, “வித்துட்டாகளோ?” என்று மாப்பிள்ளையின் அம்மாவிடம் கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். எல்லோருக்கும் கேட்டது.

ஊரே தன்னைப் பம்புசெட்டு வீடு என்று சொல்கிறதே என்று இத்தனை வருஷம் குமைந்த சின்னவர், அந்தப் பம்புசெட்டைக் கேட்டு ஆள் வந்த அன்றைக்குப் பார்த்துப் பிளசர் வீடாகியிருந்தார்.

இங்கே ஒரு விஷயத்தை அடக்கமில்லாமல் சொல்லவேண்டியிருக்கிறது. எங்கள் வட்டத்தின் வரலாற்றிலேயே பத்திரிகைப் படிப்பு யாருக்காவது பயன்பட்டது அன்றைக்குத்தான். அமெரிக்காவில் அந்தக் காலத்துக் குடியானவர்கள், காரின் பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிவைத்து, அதில் பெல்ட்டை மாட்டி மரம் அறுத்ததாக ஒரு படம் பார்த்திருந்தேன். திரும்ப ஓடினேன். வைக்கோல் போரிலிருந்து வண்டியைப் பின்னால் தள்ளச் சொல்லி, ஏறி, வண்டிப்பாதையில் கிணற்று மேட்டுக்கு விட்டேன். மேடு என்பதால் பிரேக் தேவைப்படவில்லை. பின்சீட்டிலிருந்து பெரியவர், “எங்க தம்பி போறோம்?” என்றார். “ஓட்டிக் காட்டத்தான் ஐயா” என்றேன்.

பம்புக்கு நேராக நிறுத்தி, கல் அண்டை கொடுத்து, ஜாக்கி போட்டோம். டயரைக் கழற்றி வெறும் ரிம்மில் பெல்ட்டை மாட்டினோம். பெரியவரை இறங்கச் சொன்னோம். அவர் இறங்கவில்லை. இறங்கினால், வண்டியைத் தம்பிக்கு விட்டுவிட்டார் என்று ஊர் சொல்லும். அதனால் ஒரு பக்கம் சாய்ந்த காரில், கதவுப் பிடியை இறுகப் பற்றிக்கொண்டு, கவர்னர் மாதிரி உட்கார்ந்திருந்தார். வசந்தா பட்டுச்சேலையை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு, யாரும் சொல்லாமலே, பம்பின் வாயில் குடம் குடமாகத் தண்ணீர் விட்டு நிரப்பினாள். மாப்பிள்ளையின் அம்மா அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், காரை அல்ல.

நான் கியரைப் போட்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். பெல்ட் ஒருமுறை வழுக்கிப் பிடித்தது. குழாய் இருமியது. அப்புறம் கணுக்கால் பருமனுக்குத் தண்ணீர் வந்து விழுந்தது.

மாப்பிள்ளையின் அப்பா குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தார். “உப்பு இல்ல” என்று மனைவியிடம் சொன்னார். அவர் தலையசைத்தார். அந்தச் சீமையில் நிச்சயதார்த்தம் அவ்வளவுதான் போலிருக்கிறது. பாக்கியெல்லாம் வெற்றிலை பாக்கு.

சின்னவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். வாய்க்காலை யாரும் கவனிக்கவில்லை. அப்போதுதான் என் முதுகுக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது.

“ஏலே அழகரு, மூணாவது பாத்தி ஒடையுது. மடையத் திருப்பாம அங்க என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்க?”

சின்னவர் திரும்பினார். கார் சன்னலில் அண்ணன் தலை.

“திருப்புறேன்” என்றார். இரண்டடி போய்விட்டு நின்றார். “எறங்கி நெழல்ல உக்காரலாம்ல? புகை அடிக்குதுல்ல?”

“இருக்கட்டும். எம் வண்டியில நான் உக்காந்திருக்கேன். நீ தண்ணியப் பாரு.”

ஊரில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கும் கண் கலங்கியது. காரணம் வேறு. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த என் கைகளுக்கு, அந்த நிமிஷத்திலேயே, இந்தக் கார் கடற்கரைச் சாலைக்கு வரப்போவதில்லை என்று தெரிந்துவிட்டது. பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பியிடம் எதையும் வாங்கலாம். பேச ஆரம்பித்துவிட்டால் ஒரு போல்ட்டுகூடப் பெயராது. மிளகாய் முழுக்க நனையும்வரை இறைத்துவிட்டு, சாயங்காலம் காபி குடிக்கும்போது இருவரும் சேர்ந்தே சொல்லிவிட்டார்கள். கல்யாணத்துக்கு வசந்தா என்ஜின் போட்ட வண்டியில் போகவேண்டும். அப்புறம் பெரியவர் நிலத்துக்கும் முறை வைத்து இறைக்கவேண்டும். அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். அந்த ‘அப்புறம்’ எந்தக் காலண்டரிலும் வராது என்று எனக்குத் தெரியும். கை கழுவக் கொல்லைப்பக்கம் போனபோது வசந்தா எனக்கு மட்டும் கேட்கும்படி, “பிரேக்கப் போட்டுக் குடுத்துட்டுப் போங்க. கல்யாணத்தன்னைக்கு நான் வைக்கப்போருல முட்டி எறங்க முடியாது” என்றாள். அதற்காக ஒரு நாள் கூடுதலாகத் தங்கினேன்.

மெட்ராஸ் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை வட்டம் முழு எண்ணிக்கையில் கூடியது. வண்டி வரவில்லை என்றதும் எல்லோர் முகத்திலும் ஒரு நிம்மதி. வந்திருந்தால் அவர்களுடையதன் பக்கத்தில் நிறுத்தவேண்டியிருக்கும். கொஞ்ச நேரத்தில், அதை முன்பே தாங்கள் பார்த்திருப்பதாக இருவர் சொல்ல ஆரம்பித்தார்கள். வக்கீல் மட்டும் விடவில்லை.

“அதிர்வு இருந்ததா?”

“குலுங்கவே இல்லை சார்.”

அவர் கண்ணை மூடி அனுபவித்தார். “ஆறு சிலிண்டர். அப்படித்தான் இருக்கும். ஒரே மூச்சாக எவ்வளவு தூரம் ஓட்டினாய்?”

“முக்கால் ஏக்கர் சார்” என்றேன்.